முட்டி ஆபரேஷன் ஆகி ஐந்தாவது மாதம் மசாய் மாரா போகலாமா? மன்னார்குடி டீச்சருக்கு ஒரு பதில்

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் புரியட்டும்.

உங்களுக்கு வயது 63. மார்ச் நடுவில் வலது முட்டியில் முழு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. இப்போது ஏழாவது வாரம். வாக்கரை விட்டாயிற்று, வெளியே போனால் மட்டும் கைத்தடி. முட்டி 95 டிகிரி மடங்குகிறது, சாயங்காலம் ஆனால் வீங்குகிறது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மகள் குடும்பத்தோடு கென்யா போவதாக ஆபரேஷன் பேச்சு வருவதற்கு முன்பே பணம் கட்டியிருக்கிறீர்கள். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் நான்கு இரவு, நைவாஷா ஏரிக்கரையில் ஒரு இரவு, நடுவில் பலூன் சவாரி. மகன் ரத்து செய்யச் சொல்கிறார். தம்பி ‘இந்த வயசுல காடு எதுக்கு’ என்கிறார். மகள் ‘வீல்சேர்ல வச்சாவது கூட்டிட்டுப் போறேன்’ என்கிறார். டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றதோடு சரி.

இந்த மூன்று பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். ஏழாவது வாரத்து முட்டியைப் பார்த்து ஐந்தாவது மாதத்து முட்டியை யாராலும் கணிக்க முடியாது. டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றது அதனால்தான், தட்டிக்கழிப்பதற்காக இல்லை. முடிவை ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். பயண ஏற்பாட்டாளரிடம், எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை மகளை விட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் முட்டி என்னென்ன செய்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் கும்பகோணம் பக்கம் பல வருடமாக மூட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிசியோதெரபி கொடுத்து வருகிறேன். மசாய் மாராவுக்கும் போய் வந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

நாள் கணக்கு உங்களுக்குச் சாதகம்தான். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு நீண்ட விமானப் பயணத்துக்கு மூன்று மாதமாவது போகட்டும் என்பது பொதுவான அறிவுரை. நீங்கள் கிளம்பும்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும். வீக்கமும் லேசான சூடும் ஆறு மாதம் வரைக்கும், சிலருக்கு ஒரு வருடம் வரைக்கும்கூட இருக்கும். அது மட்டும் இருப்பதால் பயணத்தை விட வேண்டியதில்லை.

உங்கள் தம்பி சஃபாரி என்றால் காட்டில் நடப்பது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. மசாய் மாராவில் குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். திருவாரூர் தியாகராஜர் கோயிலை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தால் நடக்கிற தூரம்கூட அங்கே பல நாள் நடக்க வேண்டியிருக்காது. காலையில் விடிந்ததும் கிளம்பி ஒன்பது, பத்து மணிக்குத் திரும்புவார்கள். பிறகு மாலை நாலு மணிக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். எல்லாமே உட்கார்ந்தபடிதான். உங்கள் முட்டிக்கு வரும் சோதனை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: வண்டியில் ஏறி இறங்குவது, மடக்கியபடி குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பது, பாத்ரூம் போவது.

முதலில் வண்டி. அங்கே பெரும்பாலும் கூரையைத் தூக்கி வைக்கும் லேண்ட் குரூஸர், இல்லாவிட்டால் அதே மாதிரி கூரை வைத்த வேன். லேண்ட் குரூஸரின் முதல் படியே தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். நம் வீட்டு மாடிப்படி ஆறேழு அங்குலம்தான். வேன் கொஞ்சம் தாழ்வு, ஏறச் சுலபம். ஆனால் கரடுமுரடான பாதையில் லேண்ட் குரூஸர்தான் நிதானமாகப் போகும். உங்களுக்கு நான் சொல்வது லேண்ட் குரூஸரும் ஒரு மடக்கு முக்காலியும். ‘ஏறி இறங்க ஒரு முக்காலி வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொண்டுவருவார்கள். வயதானவர்கள் நிறைய வரும் இடம்தான் அது.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். மாடிப்படிக்காக ஆஸ்பத்திரியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வண்டிக்கும் அதே கணக்குதான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இடது காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வெளியே பார்த்துக் குதிப்பது போல இறங்காதீர்கள். ஏணியில் இறங்குகிற மாதிரி வண்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வலது காலைக் கீழே விட்டு முக்காலியைத் தொடுங்கள். பேரப்பிள்ளைகள் அவசரப்படுத்தினால் அவர்களை முதலில் இறக்கிவிட்டு நீங்கள் கடைசியாக இறங்குங்கள்.

இதற்கான பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாம், உங்கள் பிசியோவிடம் கேட்டுக்கொண்டு. முதலில் நாலு அங்குல உயரத்தில் ஆடாத ஒரு பலகை, பக்கத்தில் சுவர் அல்லது ஜன்னல் கம்பி. வலது காலைப் பலகையில் வைத்து, அந்தக் கால் பலத்திலேயே உடம்பை மேலே தூக்குங்கள். இது பயிற்சிக்கு மட்டும். உண்மையில் ஏறும்போது இடது கால்தான் முதலில். தொடையின் முன்பக்கத் தசை ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்பவே பலம் இழந்துபோகும். வலி போன பிறகும் அந்தப் பலக்குறைவு தங்கியிருக்கும், அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பத்து முறை வலியில்லாமல் ஏறி இறங்க வந்ததும் ஆறு அங்குலப் படி. அது பழகியதும் எட்டு அங்குலம். ஜூன் மாதம் பக்கத்தில் யாரிடமாவது பொலிரோ இருந்தால், நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி இறங்கிப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் பழகாதீர்கள். படி சரியான உயரம்தான், ஆனால் நீங்கள் இரண்டாவது காலை வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

அடுத்தது உட்காருவது. சமதரையில் நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்கச் சுமார் 90லிருந்து 100 வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 105 வரை வேண்டும். ஏழாவது வாரத்தில் 95 என்பது மோசமில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஜூன் கடைசிக்குள் 105லிருந்து 110 வந்தால் விமான சீட்டும் ஜீப் சீட்டும் தொல்லை தராது. மடங்குவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், நீட்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முட்டி முழுதாக நேராகாவிட்டால் ஒவ்வொரு அடியும் நொண்டலாகத்தான் விழும், தொடை சீக்கிரம் ஓய்ந்துபோகும். இராத்திரி படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போக அதுதான் வழி. வீக்கத்துக்குக் காலை உயர்த்த வேண்டுமென்றால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

அப்புறம் ஒன்று. நம் பக்கத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் அனுப்புவார். முதல் மாதங்களில் ஆடுசதையை அழுத்தி நீவ விடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் கட்ட வாய்ப்புண்டு. நீவும்போது கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்பாகத்தான் அனுப்புவார்கள், அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

வண்டிக்குள் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலே இருப்பதால் குலுக்கல் முழுவதும் அங்கேதான் விழும். நடு வரிசை, இல்லாவிட்டால் டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள வரிசையைக் கேளுங்கள். கூரையைத் தூக்கியதும் எல்லாரும் எழுந்து நின்று பார்ப்பார்கள். வண்டி நின்றிருக்கும்போது மட்டும் நில்லுங்கள். வண்டி ஓடும்போது நின்றால் குலுக்கலைத் தாங்குவது முட்டிதான். உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாலே சிங்கமும் யானையும் நன்றாகத் தெரியும். ஒரு நல்ல பைனாகுலர் இருந்தால் நிற்கவே தோன்றாது.

மகளிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பணத்தை எதிலாவது கூடுதலாகப் போடுவதென்றால் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி என்பதில் போடட்டும். மற்றவர்களோடு பகிர்ந்த வண்டியில் ‘கொஞ்சம் நிறுத்துங்க, காலை நீட்டணும்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். தனி வண்டியில் டிரைவர் உங்கள் சௌகரியத்துக்கு ஓட்டுவார், போதும் என்று நினைத்தபோது திரும்பிவிடலாம். ஆகஸ்டில் வில்டபீஸ்ட் என்கிற ஆப்பிரிக்கக் காட்டுமாட்டுக் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் காலம். அதைப் பார்க்க ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள், சிலர் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் போவார்கள். அப்படி ஒரு முழு நாள் போதும். அதற்கு முந்தின மாலை லாட்ஜிலேயே ஓய்வெடுங்கள்.

மூன்றாவது பாத்ரூம். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெண்கள் பலர் இதற்குப் பயந்தே பயணத்தை விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகும் எத்தனை அம்மாக்கள் முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மூட்டு ஆபரேஷன் ஆனவர் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் குறைந்து, காலும் அசையாமல் இருந்தால் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது.

லாட்ஜ்களிலும் டெண்ட் முகாம்களிலும் உட்காரும் கமோடுதான் இருக்கும். ரிசர்வ் வாயில்களில் கழிப்பறை உண்டு. நடுவில் சவன்னாப் புல்வெளியில் மணிக்கணக்கில் ஒன்றும் கிடையாது. அவசரமென்றால் டிரைவர் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார், வண்டிக்குப் பின்னால் குந்த வேண்டியிருக்கும். உங்களால் ஐந்தாவது மாதத்தில் குந்த முடியாது, முயலவும் கூடாது. மாற்று மூட்டு வைத்த பிறகு குந்துவதும் தரையில் சம்மணமிடுவதும் வேண்டாமென்று ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இதற்கு வழி இருக்கிறது. மடக்கி வைக்கக்கூடிய கமோடு ஸ்டூல் ஒன்றும், சுற்றிக் கட்ட ஒரு பழைய புடவையும் வண்டியில் கிடக்கட்டும். பெண்கள் நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிலிக்கான் புனலும் கிடைக்கிறது. வீட்டு பாத்ரூமில் சில நாள் பழகிக்கொண்டு எடுத்துப் போங்கள். மகளிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். இந்த ஒரு விஷயம் சரியாகிவிட்டால் பயணத்தில் பாதிக் கவலை போய்விடும்.

அறை விஷயமும் இதிலேயே அடங்கும். டெண்ட்கள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தள்ளித் தள்ளி இருக்கும், பாதை கல்லும் மண்ணுமாக இருக்கும். கூடத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள டெண்ட், படி குறைவானது, குளிக்கத் தொட்டி இல்லாமல் ஷவர் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். இருட்டிய பிறகு மிருகங்கள் நடமாட்டம் இருப்பதால் காவலர் துணைக்கு வருவார். கைத்தடியும் டார்ச்சும் உங்கள் கையில் இருக்கட்டும். கைத்தடியை இடது கையில், அதாவது ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஆகஸ்டில் விடியற்காலை நன்றாகக் குளிரும். மன்னார்குடி வெயிலுக்குப் பழகிய முட்டி அந்தக் குளிரில் இறுகும். கிளம்பும் முன் கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் மடக்கி நீட்டிவிட்டு, ஒரு சால்வையைக் காலில் போர்த்திக்கொள்ளுங்கள்.

பயணத் திட்டத்தில் மாற்ற வேண்டியவை. பலூனை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கூடையின் விளிம்பு உயரமாக இருக்கும், கால் வைக்கும் துளைகளில் மிதித்துத் தாண்டி ஏற வேண்டும். இறங்கும்போது முட்டியை மடக்கிக் குறுக்கி உட்கார்ந்து, தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். சில நேரம் கூடை சாய்ந்துவிடும். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களை நடத்துகிறவர்களே ஏற்றிக்கொள்வதில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் போய் வரட்டும்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். ரிசர்வுக்குள் போனதும் மண் பாதை. உங்கள் திட்டத்தில் நைவாஷா கடைசியில் இருந்தால் அதை முதலில் கொண்டுவாருங்கள். நைரோபியிலிருந்து நைவாஷா சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே ஓர் இரவு தங்கி மறுநாள் மாராவுக்குப் போனால் ஒரே நாளில் முழுத் தூரமும் விழாது. மாராவிலிருந்து திரும்பும்போது சின்ன விமானத்தில் நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கு வந்துவிடலாம், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்த விமானத்தில் ஏற ஒடுக்கமான நாலைந்து படி உண்டு. ஒரு ஆளுக்கு 15 கிலோதான் அனுமதி, பையும் கடினமான பெட்டியாக இருக்கக் கூடாது. நைவாஷாவில் படகுச் சவாரி போகலாம், நீர்யானைகளைப் பக்கத்தில் பார்க்கலாம். நல்ல துறைமேடை இருந்து, கைகொடுக்க இரண்டு பேர் இருந்தால் மட்டும் ஏறுங்கள். கிரசென்ட் தீவில் நடந்து பார்ப்பது இருந்தால் மற்றவர்கள் நடக்கட்டும், நீங்கள் படகிறங்கிய இடத்திலேயே நிழலில் உட்காருங்கள்.

இப்போது ஊரில் செய்ய வேண்டியவை. அக்கினி நட்சத்திரம் முடியும்வரை விடியற்காலையில் நடங்கள். முதலில் தெருவில். பதினைந்து நிமிடம் கைத்தடியோடு நடந்து, மறுநாள் காலை வீக்கம் கூடாமல் இருந்தால் அடுத்த வாரம் இருபது. மே மாதத்தில் வயல் காய்ந்து கிடக்கும். களத்துப் பக்கம் போகும் அகலமான வண்டிப்பாதையில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மேடுபள்ளத்தில் கால் வைத்துப் பழக அதைவிட நல்ல இடம் வேறில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள், வழுக்கும். படித்துறை எப்போதுமே வேண்டாம்.

ஜூன் கடைசியில் மூன்று சோதனைகள் செய்யுங்கள், மகனை வாட்ச் பிடிக்கச் சொல்லி. சாதாரண நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 60லிருந்து 64 வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று கணக்கு. அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம்? 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒன்றரை அடி உயரத்தில் கைப்பிடி பிடித்து ஐந்து முறை ஏறி இறங்க முடிகிறதா, அன்று இரவு தூக்கம் கெடாமல் இருக்கிறதா?

இதெல்லாம் சரியாக வந்தால் ஜூலையில் ஒரு ஒத்திகை. கோடியக்கரை போய் வாருங்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகப் போனால் ஒரு பக்கமே இரண்டு மணி நேரம் ஆகும். வலசைப் பறவைகள் அப்போது இருக்காது, அவை வர ஐப்பசி, கார்த்திகை ஆகும். ஆனால் வெளிமான் வருடம் முழுக்க உண்டு. சரணாலயத்துக்குள் மண் பாதையில் மெதுவாக வண்டியில் போய், நின்று, பார்த்து, மறுபடி போவது ஏறக்குறைய மாராவில் செய்வதேதான். தண்ணீர் வழக்கம்போலக் குடியுங்கள், கமோடு ஸ்டூலை எடுத்துப் போங்கள், முக்காலியில் ஏறி இறங்குங்கள். மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வீக்கம் ஒரு நாளில் வடிந்தால் நல்லது. மூன்று நாள் ஆகியும் வடியவில்லை என்றால் மாராவில் தொடர்ந்து நான்கு நாள் தாங்காது.

விமானத்தைப் பற்றி. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் ஆறு மணி நேரம். மன்னை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க வந்து அன்றைக்கே விமானம் ஏறாதீர்கள். சென்னையில் ஒரு நாள் தங்குங்கள். டிக்கெட் எடுத்த கையோடு வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. உங்களுக்கு வலது கால் என்பதால் நடைபாதையை ஒட்டிய சீட்டில் இடது பக்க வரிசையைக் கேளுங்கள். மூன்று மூன்றாக உள்ள விமானத்தில் அது ‘சி’ சீட். அதில் உட்கார்ந்தால் நடைபாதை உங்கள் வலது பக்கம் வரும், காலை நீட்டிக்கொள்ளலாம். அவசர வழி வரிசை கேட்காதீர்கள், இந்த நிலையில் தரமாட்டார்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். அழுத்தக் காலுறை போடலாமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லட்டும். சர்க்கரை இருப்பதால் பாதத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் காலுறை. யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ள வேண்டாம். உள்ளே உலோக மூட்டு இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் மணி அடிக்கும், கையால் சோதிப்பார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல் ஒன்று கைப்பையில் இருந்தால் விளக்கம் சொல்லச் சுலபம்.

முட்டியைவிட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் உங்கள் பயணத்தை நிறுத்தக்கூடியது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறை இந்த ஊசியைப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அபூர்வம்தான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். அதனால் இதை ஜூலைக்குத் தள்ளாதீர்கள். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், என்றைக்கு வரலாம் என்று முன்னால் கேட்டுக்கொண்டு போங்கள். ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் முட்டியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, ஜூனுக்குக் காத்திருக்காமல் ரத்து செய்துவிடலாம். மலேரியா மாத்திரையையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் ஆபரேஷனையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நாளில் பணம் வராது. மாராவில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. எலும்பு சம்பந்தமான எதற்கும் நைரோபிதான். 1957இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள் அமைப்பு அங்கே விமான ஆம்புலன்ஸ் நடத்துகிறது, சுற்றுலாப் பயணிகளுக்கும் அதில் சேரும் திட்டம் உண்டு. உங்கள் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பதும் எழுதிவிடுகிறேன். ஜூன் கடைசியில் மடக்கு 100ஐத் தொடவில்லை, இரவில் வலியால் விழிப்பு வருகிறது, படியிறங்கும்போது கால் நழுவுகிற உணர்வு இருக்கிறது என்றால் ஆகஸ்ட் வேண்டாம். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அப்போது ரத்து செய்யாமல் தேதியை மாற்றக் கேளுங்கள். காட்டுமாட்டுக் கூட்டம் அக்டோபர் வரை மாராவில் இருக்கும், அதற்குள் இன்னும் இரண்டு மாதம் பலம் கூடியிருக்கும். கென்யாவே முடியாவிட்டால் கோடையில் கர்நாடகத்தில் இருக்கும் கபினி காட்டுக்குப் போங்கள். நீர் வற்றும் காலத்தில் யானைகள் கரைக்கு வரும், படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், ஊசியும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

இதற்கு நடுவில் எந்த நாளாக இருந்தாலும், ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ, தையல் இடத்தில் கசிவு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உங்கள் மகன் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஆபரேஷன் செய்ததே நடமாடத்தானே டீச்சர்! முட்டி வலியில் எத்தனை கல்யாணம், எத்தனை கோயில் விட்டுப்போயிருக்கும். புது மூட்டு வைத்துக்கொண்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் தொடைத் தசை இன்னும் சுருங்கும், அதுதான் விழுவதற்கும் காரணமாகும். ஆகஸ்டில் போனாலும் போகாவிட்டாலும் இந்த இரண்டு மாதப் பயிற்சி வீண்போகாது என்று மகனிடம் சொல்லுங்கள். வாட்ச் பிடிக்கும் வேலையை அவருக்கே கொடுங்கள், பயம் குறையும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ‘போகலாமா’ என்று கேட்காதீர்கள், மறுபடியும் ‘பார்க்கலாம்’ என்றுதான் வரும். ‘ஆறு மணி நேர விமானம், ஒன்றரை அடி படி, தினமும் ஐந்தாறு மணி நேரம் குலுங்கும் வண்டி, இதற்கு ஆகஸ்டில் தடை ஏதாவது உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்’ என்று கேளுங்கள். அவர் சொல்வதையும், ஜூன் கடைசியில் வந்த மடக்கு அளவையும், அந்த மூன்று சோதனைகளின் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.